அப்டேட் போட்ட லேப்டாப்பும் இடி இடிக்கும் மலையும்

"நல்லாயிருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவதற்காக யாரும் லேப்டாப் ரிப்பேர் கடைக்கு வருவதில்லை. கொல்லிமலைச் செம்மேட்டில் நான் கடை போட்டு ஆறு வருடமாகிறது. போன ஐப்பசியில் அந்தப் பெரிய அப்டேட் வந்ததற்கு அடுத்த வாரம் இந்த உண்மையைத் தினமும் அனுபவித்தேன். பட்டனை அமுக்கிவிட்டு, திரையில் சுற்றுகிற வட்டத்துக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தவரா நீங்கள்? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

வெள்ளிக்கிழமை பத்து மணி

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்தவர் பூங்கொடி. வளப்பூர் நாட்டுக்கு (எங்கள் மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்போம்) வாக்கப்பட்டு வந்தவர், பி.காம். படித்தவர், இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லேப்டாப் கேமரா முன்னால் இன்டர்வியூ. அது கைவிட்டுப் போனால் குழந்தையை விட்டுவிட்டுத் திருப்பூர் ஹாஸ்டலில் தங்கி பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்.

லேப்டாப்போ, அப்டேட் போட்ட நாளிலிருந்து எழுந்திருக்க நாற்பது நிமிடம் எடுத்தது. பேட்டரி செத்து வருடமாகிவிட்டதால் கரண்ட் இருந்தால்தான் அதற்கு உயிர். உள்ளே இருக்கும் டிஸ்க் பழசு, புது டிஸ்க் நாமக்கல்லில் இருந்து வர ஒரு வாரமாகும் என்று சொல்லிவிட்டு, அழப்போகிறார் என்று பயந்துகொண்டே நிமிர்ந்தேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "வர்ற வரைக்கும் இருக்கறத வெச்சு ஓட்டலாங்ண்ணா. நாப்பது நிமிசத்த இருவதாக்கிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மாட்டுக்குத் தண்ணி

அன்று மத்தியானம் பெரக்கரை நாட்டு வாத்தியார் ஒருவர் லேப்டாப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதே வியாதி. முன்பு நான் நாமக்கல் கடையில் வேலை பார்த்தபோது, லேப்டாப் எழுந்திருக்க மூன்று நிமிடமானாலே மேஜையைத் தட்டுவார்கள். எனக்கும் பதிலுக்குச் சுள்ளென்று கோபம் வரும். அதனால் திட்டு வாங்கத் தயாராகவே நின்றேன். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டேன். வாத்தியார் நிதானமாகச் சொன்னார்: "பட்டன அமுக்கிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் பீச்சி, குளிச்சுட்டு வந்தா சரியா இருந்துச்சுங்க. இப்ப ஒரு வாரமா துணியும் தொவைக்க வேண்டியிருக்குது, அதான் வந்தேன்."

முதல் பஸ்

செவ்வாய்க்கிழமை பெரியசாமி வந்தார். மிளகு விவசாயி, படிப்பு ஐந்தாவதுதான். மகளின் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார். அப்டேட் வந்த பிறகு தேவையில்லாத மென்பொருள்கள் எல்லாம் லேப்டாப் எழும்போதே கூடச் சேர்ந்து எழுந்துகொள்கின்றன என்பதை அவருக்கு விளக்கக் கால் மணி நேரம் தொண்டைத் தண்ணி வற்றப் பேசினேன். அவர் ஒரே மூச்சில் அதைச் சுருக்கிக் கொடுத்தார். இன்றுவரை எல்லா வாடிக்கையாளருக்கும் அவருடைய வார்த்தையைத்தான் என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே அந்த வழியில் பூங்கொடியின் லேப்டாப்பிலும் கை வைத்தேன். நாற்பது நிமிடம் இருபத்திரண்டு ஆனது. பெரியசாமி சொன்னது இதுதான்: "காலைல மொத பஸ்ஸுல ஊரே ஏறுனா வளைவு திரும்புமுங்களா? டவுன்ல சோலி இருக்கறவன் மட்டும் ஏறட்டும், மத்தவன் அடுத்த பஸ்ஸுல வரட்டும்."

எட்டு நாள்

அதற்குப் பிறகுதான் பூங்கொடியின் லேப்டாப்பில் அப்டேட்டே பாதியில் நிற்பதைக் கவனித்தேன். தினமும் கொஞ்ச தூரம் போவதும், மறுநாள் போட்டதையெல்லாம் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுமாக இருந்திருக்கிறது. என் கடையில் யு.பி.எஸ். பெட்டியில் மாட்டி வைத்தேன். மூன்று மணி நேரத்தில் சமர்த்தாக முடித்துக்கொண்டது. எழுந்திருக்கும் நேரமும் பதினோரு நிமிடமாகக் குறைந்தது. இங்கே முடிந்தது அவர் வீட்டில் ஏன் முடியவில்லை?

புதன்கிழமை லேப்டாப்பை வாங்கிப்போக அவருடைய மாமனார் வந்தார். பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்தது. ஐப்பசியில் மத்தியானமானால் மலையில் இடி இடிக்கும். முதல் உறுமலிலேயே டி.வி., மிக்ஸி என்று எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும் என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். அந்த வீட்டில் அதை நிறைவேற்றுகிறவர் மாமனார். லேப்டாப் வயரையும் சேர்த்தே பிடுங்கியிருக்கிறார். தினமும் என் கடையிலேயே பிளக்கைப் பிடுங்குகிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! யு.பி.எஸ். பெட்டியை அவர் கையில் கொடுத்து, "சுவத்துப் பிளக்க நீங்க தாராளமாப் புடுங்குங்க. லேப்டாப்ப இந்தப் பெட்டி அரை மணி நேரம் தாங்கிக்கும்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப எட்டு நாளா அந்தப் புள்ள பொழப்பக் கெடுத்தது நாந்தானுங்களா, சாமி?"

பீப் பீப்

வெள்ளிக்கிழமை வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே இடித்தது. யு.பி.எஸ். இல்லாத கடையில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பூங்கொடிக்குப் போன் மேல் போன் போட்டேன். லைன் போகவே இல்லை. அன்று முழுக்க எனக்கு வேலையும் ஓடவில்லை, சோறும் இறங்கவில்லை.

சனிக்கிழமை பெட்டியைச் சுமந்துகொண்டு பூங்கொடியே பஸ்ஸில் வந்து இறங்கினார். நடந்ததை மாமனார் மாதிரியே சிரிப்பும் பயமுமாக நடித்துக் காட்டினார். ஒன்பதரைக்கே லேப்டாப்பைப் போட்டுவிட்டு, குழந்தைக்குச் சோறூட்டி, கால் எதுவும் வராதபடி போனை அடைத்து அதில் நெட்டை மட்டும் இணைத்து, பத்து மணிக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் பெரிய இடி. மாமனார் பிளக்கைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பிடுங்கினார். பெட்டி 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது. அது என்ன சத்தம் என்று இன்டர்வியூ எடுத்த அம்மா விசாரித்தார். நானாக இருந்தால் கேமராவை அணைத்துவிட்டு ஓடியிருப்பேன். பூங்கொடி சொன்ன பதிலைக் கேட்டு அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, இருபது நிமிடத்தில் கேள்விகளை முடித்து, புகார்களைச் சமாளிக்க இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று அங்கேயே வேலையைக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பதில் இது: "இடி இடிக்குதுங்க மேடம், பிளக்கப் புடுங்கியாச்சு. இன்னும் அரை மணி நேரம் தாங்கும். பெரிய கேள்விய மொதல்ல கேட்டுருங்க, சின்னதெல்லாம் நேரமிருந்தாப் பாத்துக்கலாம்."

புது டிஸ்க் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வந்து சேர்ந்தது; அது வருவதற்குள் எல்லாவற்றையும் தாங்களே சமாளித்து முடித்துவிடுகிற இந்த ஊரில், மெக்கானிக் என்று போர்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்.