இரண்டு பலா மரங்கள் உள்ள காலி நிலம்

அரசாங்க நிலத்தை விற்பதற்கு முன் அதிகாரி ஒருவர் நேரில் போய், எல்லையைச் சுற்றி நடந்து, அங்கே என்ன நிற்கிறது, யார் இருக்கிறார்கள், யார் எந்த வழியாகப் போய் வருகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். பார்த்து எழுதுவது என்றால் முதலில் பார்ப்பது, பிறகு எழுதுவது. விதியில் இந்த வரிசை தெளிவாகவே இருக்கிறது. இன்னொரு விதியும் உண்டு. பொதுமக்கள் அனுப்பும் கடிதத்துக்குப் பதினான்கு வேலை நாளுக்குள் பதில் போய்விட வேண்டும். அதைக் கண்ணாடி போட்டு முகப்புச் சுவரில் மாட்டியிருப்பார்கள். நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன், அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஆள் உண்டு. உள்ளே இருப்பதைப் படிக்க ஆள் கிடையாது.

திகாம் பத்துவில், குரூண் போகும் சாலையை ஒட்டி நான்கு ஏக்கர் நிலம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சாலை போடும் இலாகாவின் சாமான் கிடங்கு. தார் பீப்பாய்கள், சரளைக் குவியல், மூன்று ரோலர். ஊருக்கு அது ‘ஸ்டோர்’. ஸ்டோரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கொட்டகைத் தகரத்தை யாரோ பொறுப்பானவர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் அந்த நிலம் யாருடைய நினைவிலும் இல்லை. திடீரென்று ஒரு நாள் அது ‘உபரி நிலம்’ ஆனது. நிலம் எப்போது உபரி ஆகிறது என்று என்னைக் கேட்டால், அதை வாங்க ஆள் வந்த மறுநாள் என்பேன்.

சாலையோரத்தில் விளம்பரப் பலகை நட்டார்கள். இரண்டு மாடிக் கடைவீடுகள். படத்தில் கண்ணாடி முகப்பு, வரிசையாக ஈச்ச மரம், மஞ்சள் முடிக்காரி ஒருத்தி நாய்க்குட்டியோடு உலாவப் போகிறாள். திகாம் பத்துவில் எந்த வீட்டுப் பெண் அவள் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நிலத்துக்குப் பின்னால் இருக்கும் ஏழு வீடுகள் மட்டும் படத்தில் இல்லை. ஸ்டோரில் வேலை பார்த்தவர்களின் வீடுகள். ஏழுக்கும் முறையான கிராண்ட், அதாவது நிலப் பட்டா, உண்டு. சாலைக்கு வர உரிமையான வழிதான் இல்லை. ஸ்டோர் நிலத்தின் ஊடாக ஓடும் செம்மண் பாதையில்தான் நாற்பது ஆண்டுகளாகப் போய் வருகிறார்கள்.

அந்த ஏழு வீடுகளில் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். தன் வீட்டு கிராண்டுக்காக எப்போதோ என் மேசை முன்னால் நின்றவராம். அவருடைய கணவர் ஸ்டோரில் ரோலர் ஓட்டியவர். சர்க்கரை ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது, பிறகு இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்துக்கொண்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டையாலிசிஸ் நிலையத்து வேன் வாசலுக்கே வந்து அவரைச் சுங்கைப் பட்டாணிக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும்.

“அண்ணே, நிலம் அவங்களுது, வித்துட்டுப் போகட்டும். எங்களுக்கு அது வேணாம். வேன் வர்ற வழிய மட்டும் விட்டுட்டு விக்கச் சொல்லுங்க.”

“பின்பக்கம் வழி கிடையாதா?”

“பின்னால தோட்டத்துக் கால்வா. நீந்தத் தெரிஞ்சா போலாம். ஒத்தக் காலோட அவர் நீந்துவாரா?”

கவலைப்படாதீர்கள், இதற்கென்று விதியே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். பென்ஷன்காரனுக்கு இப்படிச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு நாளைக்குத் தூக்கம் நன்றாக வரும்.

தைப்பூசம் முடிந்த வாரம் முதல் கடிதத்தை எழுதினேன். மூன்று பக்கம், சுத்தமான மலாய், எந்தப் பிரிவு, எந்தச் சுற்றறிக்கை, எந்த விண்ணப்பப் பாரம் எல்லாம் போட்டு, பாதையின் வரைபடத்தையும் இணைத்தேன். விற்பதற்கு முன் இருபதடி அகலத்தைச் சாலைக்கென்று பிரித்து வையுங்கள் என்பதுதான் கோரிக்கை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பதினான்கு வேலை நாளை நாட்காட்டியில் எண்ணினேன். பதினைந்தாம் நாள் இரண்டாவது கடிதம் போனது. அதற்குப் பிறகு மூன்றாவது. நான் வேலையில் இருந்தபோது இப்படி வரும் கடிதங்களுக்கு ஒரு தட்டு வைத்திருந்தோம். நிறைந்தால் அடியில் இருப்பதை எடுத்து மேலே வைப்போம். அந்தத் தட்டு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இதற்கிடையே மக்களுக்கு விளக்கக் கூட்டம் நடந்தது. பாத்தேக் சட்டை போட்ட அதிகாரி ஒருவர், திகாம் பத்து இனி பழைய திகாம் பத்துவாக இருக்காது என்றார். பழைய திகாம் பத்துவின் மேல் அவருக்கு என்ன கோபம் என்று தெரியவில்லை. கேள்வி கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் கையைத் தூக்குவதற்குள் கறிபாப் பலகாரம் வந்துவிட்டது. போகும்போது ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு விசிறி, ஒரு பேனா, மஞ்சள் முடிக்காரியின் படம். அந்தப் பேனாவில்தான் நான்காவது கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அது என் பெயரின் கடைசி ‘ர்’ எழுதும்போதே தீர்ந்துபோனது.

நில அலுவலகத்துக்கே நேரில் போனேன். முகப்பில் இருந்த பெண் நான் ஓய்வு பெறும் ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்.

“பைல் மேல போயிருக்கு லா, அங்கிள்.”

“எந்த மேல?”

“மேலன்னா மேலதான்.”

“போன மாசமும் மேலதானே இருந்துச்சு?”

“அப்ப இன்னும் மேல போயிருக்கும்.” சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சைட் ரிப்போர்ட் காப்பி வேணும்னா பாரம் போட்டுக் கேளுங்க. யாரும் கேக்குறதில்ல. கேட்டா குடுக்கணும்” என்றார்.

எந்தப் பாரம் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் கையில் கிடைத்தது. ஒரே பக்கம். புது அதிகாரியின் பெயர், இந்த ஆண்டுத் தேதி, அலுவலக முத்திரைச் சாப்பு. கீழே நான்கு வரி: காலி நிலம். புதர் மண்டியது. குடியிருப்போ பாதையோ காணப்படவில்லை. சாலையை ஒட்டிய எல்லையில் இரண்டு பெரிய பலா மரங்கள்.

“சாலைப் பக்கம் ஏதுங்கம்மா பலா மரம்? நான் போன வாரம்தானே அங்க நின்னேன்.”

“ரிப்போர்ட்ல இருக்கே, அங்கிள்.”

“ரிப்போர்ட்ல காய்க்குமா?”

படியில் இறங்கும்போது இன்னொரு தடவை படித்தேன். ‘புதர் மண்டியது’ என்பதற்கு மலாயில் எல்லாரும் எழுதும் சொல் ஒன்று உண்டு. இதில் இருந்தது அதைவிடக் கொஞ்சம் பகட்டான சொல். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பகட்டு ஒருவனுக்குத்தான் இருந்தது. அது நான்தான்.

காரில் உட்கார்ந்த பிறகு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஸ்டோர் காலியான புதிதில், அந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று மேலிடம் கேட்டது. பார்த்து எழுத என்னை அனுப்பினார்கள். அன்றைக்குக் கொட்டும் மழை. காலில் புதுச் சப்பாத்து. காரைச் சாலையோரம் நிறுத்தி, கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கிப் பார்த்தேன். இரண்டு பலா மரங்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் பச்சையாக என்னவோ தெரிந்தது. காப்பிக்கடைக்குப் போய் ஒரு கோப்பி ஓ குடித்துக்கொண்டே நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரியைத்தான் எனக்குப் பின்னால் வந்தவன் எடுத்து எழுதினான். அவனுக்குப் பின்னால் வந்தவன் அதைக் கணினியில் ஏற்றினான். கடைசியாக வந்தவன் தேதியை மட்டும் மாற்றினான். நிலத்துக்கு யாரும் போகவில்லை. எல்லாரும் என்னை நம்பியிருக்கிறார்கள்.

நிலத்தை வாங்கியவர்கள் பெயரில் கிராண்ட் இன்னும் பதிவாகியிருக்கவில்லை. அது பதிவாகிவிட்டால் எந்த விதியும் செல்லாது. ஆனால் வாங்கியவர்களுக்கு அவசரம். ஜூலையில் சாலை நெடுக ஆளுயரத் தகரம் அடித்துவிட்டார்கள். பாதை வாயின் ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நுழையும் சந்து மட்டும் விட்டார்கள். அதை வேறு பெரிய உபகாரமாகப் பேசிக்கொண்டார்கள். வேன் சாலையிலேயே நின்றது. ரோலர்காரரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கி, இருநூறு மீட்டர் நடந்தார்கள். வாரம் மூன்று நாள், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. திரும்பி வரும்போது அவருக்கு மயக்கமாக இருக்கும், தலை தொங்கும். ஒரு தடவை மழைச் சேற்றில் முன்னால் தூக்கியவர் வழுக்கி, நாற்காலியோடு மூன்று பேரும் விழுந்தார்கள். இன்னொரு தடவை விழுந்தால் மருத்துவமனைதான் என்று நிலையத்து நர்ஸ் சொல்லிவிட்டாராம்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பலா மரங்களைப் பற்றிப் படித்துக் காட்டியதும் ரோலர்காரர் படுக்கையிலிருந்து சிரித்தார்.

“அந்த ரெண்டையும் நான்தான்ணே வெட்டுனேன். ரெண்டுக்கும் நடுவுலதானே நம்ம வழி. மக கல்யாணத்துக்கு லாரி நுழையல. பர்மிட் வாங்கி வெட்டுனேன், பேப்பர்கூட வெச்சிருக்கேன். பழம் என்னா இனிப்பு தெரியுமா? சாபம் விட்டுருச்சு போல.”

“அதை எழுதினது நான்தான்” என்றேன். மழை, கார், இரண்டு அங்குலக் கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மாள் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “எறங்கவே இல்லியா?”

“இல்ல.”

“எறங்கியிருந்தா வழி தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சிருக்கும்.”

“மழைன்னா எங்களுக்கும் கஷ்டம்தான்ணே” என்றார். அதற்குப் பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதை மறுக்கும் தைரியம் எனக்கு இல்லை.

அன்றைக்கே ஐந்தாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாள் எழுதவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு வேலைக்கு எனக்கு ஒரு நற்சேவைச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அது வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது, அதற்கும் கண்ணாடி உண்டு. மூன்றாம் நாள் அரைப் பக்கத்தில் எழுதி முடித்தேன். பிரிவு இல்லை, சுற்றறிக்கை இல்லை. இந்த அறிக்கையின் நான்கு வரியும் நான் எழுதியவை. நான் நிலத்தில் கால் வைக்காமல் காரிலிருந்து எழுதினேன். மரங்களை வெட்டிப் பதினைந்து ஆண்டு ஆகிறது, வெட்டுவதற்கு வாங்கிய பர்மிட்டின் நகல் இதோ. இவ்வாண்டு அறிக்கையில் அவை இருப்பதால் இப்போது கையெழுத்திட்டவரும் போகவில்லை. எங்கள் இரண்டு பேர் மீதும் விசாரணை வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். நகல்களை அந்த அலுவலகத்துக்கு மேலே இருக்கும் மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். பாதையைக் கேட்டு எழுதிய நான்கு கடிதமும் தட்டில் கிடந்தன. ஓர் அதிகாரி பொய் எழுதினார் என்ற கடிதம் மட்டும் கால் முளைத்து ஓடியது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலுவலக வண்டி ஒன்று தகரத்துக்கு முன்னால் வந்து நின்றது. அம்மாள் போன் செய்திருந்ததால் நானும் அங்கே இருந்தேன். மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் அறிக்கை. சந்து வழியாக நுழைந்து, எல்லையோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்கள். பலா மரத்தைத் தேடுகிறார்கள்! தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் வேன் சாலையில் வந்து நின்றது. பாதையில் நாற்காலி வந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் ரோலர்காரர். அம்மாள் பையோடு பின்னால். சந்தில் அறிக்கைக்காரர் வழி மறித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“துவான், கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றார் முன்னால் தூக்கியவர், மலாயில்.

அவர் ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் சேறு, சப்பாத்து கணுக்கால் வரை உள்ளே போனது. நாற்காலியில் இருந்தவர் போகிற போக்கில், “பலா மரமா துவான்? உங்க காலுக்குக் கீழதான் வேர் இருக்கு” என்றார். அதிகாரி கீழே பார்த்தார், பிறகு பாதையைப் பார்த்தார், அதன் கோடியில் இருந்த ஏழு கூரைகளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். விதியில் சொன்ன வரிசையிலேயே, முதலில் பார்த்து, பிறகு எழுதினார். என் கண்ணால் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பதில் ஒரே தாளில் வந்தது. முதல் பத்தி முழுக்கப் பலா மரங்களைப் பற்றியது. அவை அங்கே இல்லை என்பது நேரில் உறுதிசெய்யப்பட்டு ஆவணம் திருத்தப்பட்டுள்ளது. இரண்டாவது பத்தி என்னைப் பற்றியது. ஓய்வு பெற்றவர் மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்கள். தேதியை மட்டும் மாற்றியவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே, இடம் மிச்சம் இருந்ததால் சேர்த்தது போல ஒரு வரி: இருபதடி அகலப் பாதை சாலைக்கென ஒதுக்கப்பட்டு, விற்பனையிலிருந்து நீக்கப்படுகிறது, வேலி அகற்றப்படும்.

அதை எடுத்துக்கொண்டு திகாம் பத்துவுக்குப் போனபோது பாதை வாயில் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றும்வரை காத்திருந்த வேன் உள்ளே போய், வாசலில் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலி வீட்டுப் பக்கத்தில் சும்மா கிடந்தது. முதல் கடிதத்துக்கு ஒன்பது மாதம் கழித்து, பதினான்கு வேலை நாளுக்குள் வந்திருக்க வேண்டிய பதில் என் கைக்குக் கிடைத்தது நவம்பர் இருபது, வியாழக்கிழமை.