ஆற்றக்கூடாத கிளாஸ்

சனிக்கிழமை காலை. பல் தீட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கனடாவிலிருந்து. என் மனைவி வதனா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் ஒரு கிளாஸ். அடியில் சிவப்பு, நடுவில் செம்மஞ்சள், மேலே மஞ்சள். விளிம்பில் ஆரஞ்சு வட்டமாக ஒரு தோடம்பழத் துண்டு வேறு.

படத்தின் கீழே மருமகள் எழுதியிருந்தாள் - 'மாமி கொக்டெயில் குடிக்கிறா!'

வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

பின்னே என்ன? கலியாண வீட்டில் ஒரு பியர் குடித்துவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டு நல்ல பிள்ளையாக வந்தாலும், "என்ன, ஏலக்காய்த் தோட்டம் வாங்கிட்டீங்களோ?" என்று படலையிலேயே மறிக்கிறவள் இவள். வெள்ளிக்கிழமைகளில் மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறவள். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவு. வெள்ளிக்கிழமை!

உடனே அழைத்தேன்.

"அது சும்மா ஜூஸ் அப்பா. மருமகளின்ர பிறந்தநாள். கையில தந்து போட்டோ எடுத்தவை" என்றாள். பின்னால் மருமகள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். சும்மா ஜூஸுக்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா?

வதனா மருமகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று போனவள். ஆறு மாத விசா. பிறகு நீட்டினார்கள். மருமகள் வேலைக்குத் திரும்பினாள். பேரனைப் பார்க்க ஆள் வேண்டும். இன்னொரு தரம் நீட்டினார்கள். தொட்டிலில் கிடந்தவன் இப்போது வீடு முழுக்க ஓடுகிறான். திரும்பவும் நீட்டுகிற கதை நடக்கிறது. "என்ன செய்வம், சொல்லுங்கோ" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாள். நானும் ஒவ்வொரு கிழமையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். "இஞ்ச ஒரு குறையும் இல்லை. அவசரமில்லை, ஆறுதலா வாரும்."

பச்சைப் பொய். ஆனால் பேரனோடு போட்டிக்கு நிற்கிற கிழவன் என்று பெயரெடுக்க எந்த மனிதனுக்கு மனம் வரும்? நம்மவர்கள் உயிர் போகிற வலியைக்கூடச் சொல்லிவிடுவார்கள். 'நீ இல்லாமல் ஏலாது' என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பத்து மணி வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமில்லை... ஏக்கம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் ருசித்தது எதையும் நான் ருசிக்காமல் இருந்ததில்லை. இப்போது எனக்குத் தெரியாத ஒரு ருசி அவள் நாக்குக்குத் தெரிந்துவிட்டதே! சரி, அதே சாமானை நானும் செய்து குடிப்பது என்று முடிவெடுத்தேன்.

மருமகள் செய்முறையைக் குரல் பதிவாக அனுப்பினாள். "மாமா, ஐஸ், வொட்கா, தோடம்பழச் சாறு, கொஞ்சம் தேசிப்புளி. கடைசியா சிவப்புச் சிரப்பை கிளாஸின்ர கரையால மெதுவா விடுங்கோ. அது அடியில போய் இருக்கும். ஒண்டு மட்டும்... கலக்கிப் போடாதேங்கோ! கலக்கினா கலர் போயிடும்."

இவ்வளவுதானே?

வெயில் தாழ, வொட்கா வாங்க நடந்தேன். கடையின் இரும்புக் கதவு இழுத்து மூடியிருந்தது. வீதியில் வெள்ளை உடுத்து, தாமரைப் பூவோடு போகிறவர்கள். அப்போதுதான் உறைத்தது - போயா, பௌர்ணமி விடுமுறை! நாடு முழுக்க ஒரு சொட்டு விற்க மாட்டார்கள். எங்கள் குசினிச் சுவரில் நாட்காட்டித் தாள் கிழிப்பது வதனாவின் வேலை. இப்போது நினைத்தால் கிழிப்பேன், நினைக்காவிட்டால் இல்லை. என் வீட்டில் அன்றைக்கும் போன மாதம்தான் நடந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அந்தோனியிடம் போனேன். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எந்தக் காலத்திலோ ஒரு கப்பல்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த வொட்காப் போத்தல், அவன் அலுமாரியில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே காட்சிக்கு நிற்கிறது. இதுவரை மூடி திறக்கவில்லை.

"மச்சான், அதில கொஞ்சம் தா."

"உனக்கென்ன விசரே? போயாவும் அதுவுமா!"

படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தான்.

"தங்கச்சி மெலிஞ்சு போனா. நீ அவவை வரச் சொன்னனியோ?"

"அவ அங்க பேரனோட சந்தோஷமா இருக்கிறா."

"நான் அதைக் கேக்கேல்ல."

நான் கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன். அவன் எழும்பிப் போய், போத்தலை எடுத்து, தூசி துடைத்து, முழுசாகவே என் கையில் தந்தான்.

சந்தையில் தோடம்பழம் வாங்கினேன். பலூடாக் கடையில் சிவப்பு ரோஸ் சிரப். தேசிக்காய்க்கு வீட்டு எலுமிச்சை மரம் இருக்கிறது. ஆனால் விளக்கு வைத்த பிறகு தேசி மரத்தில் கை வைக்கக் கூடாது - அது வதனாவின் சட்டம். விளக்கு வைக்கத்தான் ஆளில்லை, சட்டம் அப்படியே இருக்கிறது. பொழுது படுவதற்குள் ஓடிப்போய்ப் பறித்துவிட்டேன். பிழிந்த தோலைப் படலைக்கு வெளியே போட்டால், எங்கள் ஊர் வீதிகளில் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று வந்து தின்றுவிட்டு, 'இன்னும் இருக்கோ?' என்பதுபோல நிமிர்ந்து பார்த்தது.

குசினி மேசையில் வேலை தொடங்கியது. ஐஸ். வொட்கா. சாறு. தேசிப்புளி. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கரையால், மெதுவாக, சிரப். அது நேரே அடிக்குப் போய்ப் படிந்தது. அங்கிருந்து சிவப்பு மெல்ல மெல்ல மேலே ஏறியது. சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு! படத்தில் அவள் கையில் இருந்த அதே கிளாஸ்.

போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், கைப்பேசி எங்கே என்று அங்குமிங்கும் பார்த்தேன். அதற்குள் என் கைகள் தங்கள் பாட்டில் ஒரு வேலை செய்துவிட்டன. பக்கத்தில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் பேணியை எடுத்து... கிளாஸிலிருந்து பேணிக்கு, பேணியிலிருந்து கிளாஸுக்கு... ஆற்றிவிட்டேன் ஐயா, ஆற்றிவிட்டேன்! ஐஸ் போட்ட பானத்தை! அது தேத்தண்ணி நேரம். வதனா ஆற்றித் தந்த காலம் போய், நானே ஆற்றிக் குடிக்கப் பழகிவிட்ட நேரம். ஐஸ் கட்டிகள் நிலத்தில் ஓடின. சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. மாரி காலத்து வாய்க்கால் தண்ணீரின் நிறத்தில் ஏதோ ஒன்று மிஞ்சியது.

அந்த நேரம் பார்த்து வீடியோ அழைப்பு. அங்கே விடிந்துவிட்டது. வதனா.

"என்னது அது கையில?"

"சும்மா ஜூஸ்."

"ஜூஸோ? அப்ப அந்தோனி அண்ணரின்ர போத்தல் ஏன் மேசையில நிக்குது?" திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். பேணி கண்ணில் பட்டிருக்க வேண்டும். "இஞ்சருங்கோ... ஆத்திப்போட்டீங்களோ?"

தலையைக் குனிந்தேன். திட்டுவாள் என்று பார்த்தால், சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது.

"நானும் ஆத்திப்போட்டனப்பா! போட்டோ எடுத்து முடிய, ஒரு கோப்பையை எடுத்து நல்லா ஆத்திப்போட்டன். அதுக்குத்தான் மருமகள் அப்பிடிச் சிரிச்சவள்."

"அப்ப உம்மட ஜூஸிலயும் வொட்கா?"

"ஒரு மூடிதான் விட்டவள்... அதை விடுங்கோ."

"நீர் ஏனப்பா ஆத்தினீர்? உமக்குத்தான் தேத்தண்ணி சுடச்சுட வேணுமே."

சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்களுக்கெண்டு நினைச்சிட்டன்" என்றாள்.

கிளாஸை மேசையில் வைத்தேன். இத்தனை கிழமையாக வராத வார்த்தை அன்றைக்கு வந்தது.

"வதனா, இஞ்ச குறை இருக்கு. நீர் இல்லாமல் ஏலாது. வாரும்."

முகத்தைத் திருப்பி, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சரி. விசா நீட்ட வேண்டாமெண்டு மகனிட்டச் சொல்லுறன்" என்றாள். பிறகு என் மேசையைக் கண்ணால் காட்டி, "இதைச் சொல்ல உங்களுக்கு வொட்கா வேண்டிக் கிடந்ததாக்கும்?"

வாசகர்களே, சத்தியமாகச் சொல்கிறேன் - அதுவரை நான் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை!