இருபது லட்சத்தில் ஒரு புள்ளி

என் மனைவியின் கண்ணுக்காகத்தான் அந்தப் பெரிய டிவியை வாங்கினேன். கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டிய நேரத்தில் அவளை டிவி கடைக்கு அழைத்துப் போனேன் என்று சொல்வதுதான் சரி.

அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது, அவளுக்கு அறுபத்து மூன்று. கூடத்தில் பழைய பிக்சர் டியூப் டிவி ஒன்று இருந்தது. இருபத்தோரு அங்குலம், தொண்ணூற்று மூன்றில் வாங்கியது. ஒருநாள் சாயங்காலம் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவள், "படம் மங்கலா இருக்குங்க. கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டுங்க" என்றாள். ரிமோட்டில் வெளிச்சத்துக்கு அறுபத்து மூன்று கோடுகள் உண்டு. நாற்பதில் இருந்ததை நாற்பத்தைந்து ஆக்கினேன். கன்னட வருஷப் பிறப்பான உகாதிக்கு ஐம்பது. தீபாவளிக்கு அறுபத்து மூன்று கோடும் தீர்ந்துவிட்டது. அதற்குள் அவளுடைய நாற்காலியும் நகர ஆரம்பித்திருந்தது. எங்கள் வீட்டுத் தரை மொசைக் கல். முன்பு டிவியிலிருந்து ஒன்பது கல் தள்ளி உட்காருவாள். அந்த வருஷக் கடைசியில் ஆறாவது கல்லுக்கு வந்துவிட்டாள்.

இதையெல்லாம் எண்ணினேன். எண்ணி முடித்து, டிவியைச் சந்தேகப்பட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. முப்பத்து நான்கு வருஷம் ஓர் அரசுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் நான். அளவு தப்பாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு, பிறகு பொருளைத் தொடு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். டியூப்புக்குப் பதினான்கு வயது. மங்கத்தான் செய்யும். கண்ணும் ஒரு கருவிதான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அதே மாதங்களில் அவள் இடது தோள் சமையலறை நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் மூன்று தடவை. "மெதுவா நட, வீடு எங்கேயும் ஓடிப்போகாது" என்று சொன்னதோடு என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் சுவர் முழுக்கத் தட்டையான டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி. இறகில் ஒவ்வொரு நாரும் தனித்தனியாகத் தெரிந்தது. "ஃபுல் எச்.டி. சார். குறுக்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி, மேலும் கீழுமா ஆயிரத்து எண்பது" என்றார் விற்பனையாளர். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு. எனக்கு அந்த எண் பிடித்துப்போனது.

"உனக்கு எது நல்லா தெரியுது?" என்று அவளைக் கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருக்கறதுல சின்னதா ஒண்ணு எடுங்க."

"சின்னதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வரணும்?"

"யாரு வரச் சொன்னது? எனக்குப் பழசே போதும், கொஞ்சம் வெளிச்சம் இருந்தா."

நாற்பத்திரண்டு அங்குலம் வாங்கினோம். மாட்ட வந்த இரண்டு பேர் சுவரில் நாலு துளை போட்டார்கள். நான் பரணிலிருந்து என் ரசமட்டத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் மயிரிழை இறங்கியிருந்தது. கழற்றி மறுபடி மாட்டச் சொன்னேன். "முப்பத்தெட்டு வருஷமா நான் பட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க ஒரு மணி நேரம் பட்டுக்கோங்க" என்று என் மனைவி அவர்களுக்குக் காபி கொடுத்தாள்.

கிளி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கேபிளில் வந்த படத்தை அந்தப் பெரிய திரை இழுத்துப் பரப்பியது. செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் ஈரக் காகிதத்தில் வரைந்ததுபோல் இருந்தது. கேபிள்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டிவி ரெடியா இருக்கு சார், எச்.டி. இன்னும் வரல. வரும்" என்றார். ஆனாலும் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. முதல் வாரம் அவள் நாற்காலி ஒன்பதாவது கல்லுக்குத் திரும்பிப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?"

"பெருசா இருக்கு."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய டிவியை எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவுக்குக் கொடுத்திருந்தோம். பக்கத்து ஈஜிபுராவிலிருந்து நடந்து வருகிறவள், நாற்பது வயது இருக்கும். ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் டிவி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். "ஜம்முனு இருக்குங்கய்யா. ஆன் பண்ணா கண்ணு கூசுது. எங்க வீட்டுக்காரரு பாதியா கொறைச்சு வெச்சிருக்காரு" என்றாள். சும்மா வந்த பொருளைக் குறை சொல்ல வேண்டாம் என்று மரியாதைக்குச் சொல்கிறாள் என நினைத்துக்கொண்டேன். அறுபத்து மூன்று கோடும் போதவில்லை என்று ஒருத்தி சொன்ன டிவியில் இன்னொருத்திக்குக் கண் கூசுகிறது. எந்த ஆய்வாளனும் அங்கே நின்று யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் புள்ளியைக் கண்டுபிடித்திருந்தேன்.

சோப்புத்தூள் விளம்பரத்தில் திரை முழுக்க வெள்ளையானபோது தெரிந்தது. இடது கீழ் மூலைக்குப் பக்கத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்பு. துணியால் துடைத்தேன், போகவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன். இடது ஓரத்திலிருந்து ஏழு சென்டிமீட்டர், கீழிருந்து பதினொன்று. அடுத்த விளம்பரத்துக்காகக் காத்திருந்து மறுபடி பார்த்தேன். அங்கேயே இருந்தது. அதன் பிறகு யார் என்ன செய்தி வாசித்தாலும் எனக்குப் புள்ளிதான் தெரிந்தது.

கம்பெனிக்கு ஒன்பது தடவை போன் செய்தேன். ஐந்து புள்ளி வரை செத்துப்போயிருந்தால் அது குறைபாடு ஆகாது, அதுதான் அவர்கள் விதி என்று ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். அந்த மாதிரி விதிகளோடுதான் நான் பிழைத்தேன். பெட்டிக்கு ஐம்பது திருகாணி எடுத்துப் பார்ப்போம். ஒன்று கெட்டிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம், இரண்டு கெட்டிருந்தால் பெட்டியே திரும்பும். பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து சின்னப் பட்டறைக்காரர்கள் வந்து, திரும்பிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். "சார், ரெண்டே ரெண்டுதான் சார்." விதி விதிதான் என்பேன். இப்போது நானும் ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொண்டு போனில் காத்திருந்தேன்.

பத்தாவது தடவை, ஆள் அனுப்பிப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்கள். உட்காரும் இடத்திலிருந்தே கண்ணை உறுத்துகிறது என்று காட்ட எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், தெரிகிறது என்றார். கேபிள்காரருக்குத் தெரிந்தது. வேலைக்கு வரும் அம்மா வாசலிலிருந்தே, "அதோ, கொசு ஒக்காந்தா மாதிரி" என்றாள். என் மனைவிக்கு மட்டும் தெரியவில்லை.

"இல்லைன்னே எழுதிக்கோங்க" என்றாள்.

"உனக்குத் தெரியலையா, தெரியலைன்னு சொல்றியா?"

"உங்க கூட சண்டை போடற பாவத்துக்கு அந்தக் கம்பெனிக்காரங்களாவது நல்லா இருக்கட்டுமே."

ஆள் வருவதாகச் சொன்ன நாள் காலையில் அவளை விடவில்லை. முறைப்படி சோதித்துவிடுவது என்று தீர்மானித்தேன். தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண், பிறகு மறு கண் என்று மாற்றி மாற்றிப் பார்க்கப் பழகியவர்கள் நாங்கள். அவளை ஏழாவது கல்லில் உட்காரவைத்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் சொன்னேன்.

"நடுவுல அந்தப் பொண்ணோட மூக்கைப் பாரு. அங்க இங்க அசையக் கூடாது."

"மூக்கையா?"

"மூக்கைத்தான்."

"மூக்குத்தி நல்லா இருக்கு."

"புள்ளி தெரியுதா?"

"இல்லை."

"சரி, நான் விரலை வைக்கிறேன். அதுக்குப் பக்கத்துல பாரு."

"வைங்க."

"வெச்சிட்டேன்."

"எங்க?"

விரலை எடுத்துவிட்டு உள்ளங்கையைப் பரப்பி வைத்தேன். "இப்ப?"

"வைங்கன்னுதான் சொன்னேனே." பிறகு, "நீங்க எங்க போயிட்டீங்க?" என்றாள்.

நான் எங்கேயும் போகவில்லை. திரைக்கு இடப்பக்கம், ஐந்தடி எட்டங்குலமும் நின்றுகொண்டிருந்தேன்.

கண்ணை மாற்றச் சொன்னேன். வலது கண்ணைத் திறந்த உடனே, "கையை எடுங்க, கறை படியும்" என்றாள். பிறகு நான் சொல்லாமலே அவளாகவே இடது கண்ணை மூடினாள், வலது கண்ணை மூடினாள், மறுபடி மாற்றினாள். டிவியில் அந்தப் பெண் எங்கோ மழை என்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தக் கண்ணுல டிவி ஒரு தட்டு அளவுதான் இருக்கு. சுத்தி எல்லாம் புகை."

நாங்கள் வீட்டைப் பூட்டும்போது கம்பெனி ஆள் பையோடு மாடியேறி வந்தார். "என்ன சார், நீங்கதானே பத்து தடவை கம்ப்ளைன்ட் பண்ணீங்க?" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆய்த்து, பரவாயில்ல சார், இன்னொரு நாள் வரேன்" என்று இறங்கிப் போய், எங்களுக்காக ஆட்டோவை நிறுத்தினார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. இடது கண்ணில் போனது போனதுதான், வராது. வலது கண்ணில் ஓரம் மட்டும் கெட்டிருக்கிறது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் அதைக் காப்பாற்றப் பார்க்கலாம். எவ்வளவு காலமாக இருந்திருக்கும் என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்குக் குறையாது என்றார். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபத்து மூன்று என்று கணக்கு போட்டுப் பார்த்தேன். அவள் கண் போன கணக்கை முழுசாக வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். தப்பான பெயரில் வைத்திருந்தேன்.

அங்கே ஒரு பரீட்சை வைத்தார்கள். கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே வந்தவள், "உங்களுக்குன்னே செஞ்ச மெஷின். புள்ளி தெரியுதா, தெரியுதான்னு உயிரை எடுக்குது" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்துப் படி இறக்கினாள். இடது பக்கம் சுவர் இருந்தது. அவள் தோள் இடிக்காதபடி அந்தப் பக்கம் நான் நின்றுகொண்டேன்.

அந்தக் கம்பெனி ஆள் அடுத்த மாதம் சொன்னபடி வந்தார். விதியில் இல்லை, ஆனாலும் திரையை மாற்றித் தரச் சம்மதம் வாங்கிவிட்டேன் என்றார். என் மனைவி சமையலறையிலிருந்து, "வேண்டாங்க, அது இருக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் சொட்டு மருந்து போட்ட பிறகு ஏழாவது கல்லில் உட்காருவாள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் திரையில் அந்தப் புள்ளியைப் பார்ப்பாள். "இருக்கு" என்பாள். நான் நோட்டில் ஒரு டிக் போடுவேன். ஒரு வருஷம் எட்டு மாதம். ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் போன நாட்களைக் கழித்தால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு டிக். ஒரு நாள்கூட இல்லை என்று அவள் சொன்னதில்லை.

ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது நாள் காலையில் கரண்ட் இல்லை. அவள் வந்து உட்கார்ந்து, இடது கண்ணை மூடி, "இருக்கு" என்றாள்.

பேனா என் கையிலேயே இருந்தது. "டிவியே போடலையே" என்றேன்.

"தெரியும். ஃபேனும்தான் ஓடலை."

"பின்ன ஏன் சொன்னே?"

"நான் சொன்ன பிறகுதான் நீங்க காபியை எடுக்கறீங்க. தினம் ஆறிப்போகுது."

"இத்தனை நாளா சொன்னது?"

அவள் கண்ணிலிருந்து கையை எடுத்தாள். "நேத்து பார்த்தேன். முந்தாநாள் பார்க்கலை. அது எங்கேயும் நகராதுன்னு தெரிஞ்ச பிறகு என்னத்தைப் பார்க்கறது?"

விடை முன்கூட்டியே தெரிந்த பரீட்சை பரீட்சையில்லை. அதை முதல் நாளே கவனித்திருக்க வேண்டியவன் நான். ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் எத்தனை நிஜம் என்று அவளுக்கே தெரியாது. பெட்டியோடு திருப்ப வேண்டிய சரக்கு. டாக்டர் அம்மாவைப் பார்க்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கிளம்பு என்றேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஆட்டோ பிடித்தோம். முதல் சிக்னலில் நின்றபோது அவள் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"லட்சுமி ஸ்டோர்ஸ்" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். சரிதான்.

"டயர் பஞ்சர். அதுக்கு மேல, டியூஷன், எட்டாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும்."

ஆட்டோ கிளம்பியது. அவள் நிறுத்தவில்லை. கன்னடத்தில் இருந்ததைக் கன்னடத்திலும் இங்கிலீஷில் இருந்ததை இங்கிலீஷிலுமாக வாசித்துக்கொண்டே வந்தாள். புதுசாகத் திறந்திருந்த ஒரு பேக்கரியின் போர்டு, பூமாலைகூட இன்னும் வாடவில்லை, அதையும் வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் நான் தலையை வெளியே நீட்டிச் சரிபார்த்தேன். இரண்டு போர்டுகளை விட்டுவிட்டாள். இரண்டும் சின்ன எழுத்து, ஓரத்தில் இருந்தவை. அதை நான் சொல்லவில்லை, மனசில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

பத்தொன்பதாவதை வாசிக்கும்போது ஆஸ்பத்திரி வந்துவிட்டது.