மூன்றாம் டிவிஷன் மேடையைக் கண்டுபிடித்தது யார்

கோத்தா திங்கியில் ஆற்றோரம் நான் எழுப்பிய கோயில் மதில் மூன்று வெள்ளத்தைப் பார்த்துவிட்டது. ஒரு கல் அசையவில்லை. மண் இளகல், சுவர் நிற்காது என்று படித்த இன்ஜினியர் ஒருவர் கையை விரித்த இடம் அது. பண்டார் தெங்காராவில் ஒரு வரிசைக் கடைவீடுகளுக்குக் கால்வாய் போட்டது நான். மழை கொட்டும்போது போய்ப் பாருங்கள், தண்ணீர் எப்படி ஓடுகிறதென்று. ஸ்கூடாயில் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் பாதிக்குமேல் பின்பக்கச் சமையலறையை இழுத்துக் கட்டியவனும் நானே. பாதி என்பதை என் மருமகள் நம்பவில்லை. அவள் எதைத்தான் சுலபத்தில் நம்பியிருக்கிறாள்?

இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். மலாய் பேசுவேன். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் எனக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான். என்னை யாரும் கைதூக்கி விடவில்லை. சிமெண்டு மூட்டை தூக்கித்தான் கட்டடக் குத்தகைக்காரனாக மேலே வந்தேன். இந்தக் கையால்தான், போன வருஷம், ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியும் நிமிர்ந்து நின்றது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆராய்ச்சி என் மருமகளுடையது. அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. பகலில் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, ஐந்து வருஷமாகப் பகுதி நேரமாகப் பட்டப்படிப்பு படித்தாள். கடைசியாகத் தமிழில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். ஜொகூர் தோட்டங்களில் அந்தக் காலத்தில் ஆட்கள் தாங்களே போட்ட மேடை நாடகங்கள் பற்றி எழுதுகிறேன் என்று எடுத்துக்கொண்டாள். நான் பிறந்து வளர்ந்த ஒத்தப்பாலத் தோட்டத்து நாடகம்தான் அதில் பெரிய பகுதி. நாலு பேரிடம் பேட்டி எடுத்தாள். நாலாவது ஆள் நான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அவளுடைய விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்கும் வரை. ஆட்கள் வாயால் சொன்னது சரி, எழுத்தில் எங்கே என்று கேட்டாராம். ஒரே ஒரு தாளாவது வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும், இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிட்டு இன்னொரு ஆறு மாதத் தவணை படி என்று சொல்லிவிட்டார். தாளுக்கு எங்கே போவது? நாடக நோட்டுப் புத்தகமும் இரண்டு போட்டோவும் எங்கள் ராஜா வேஷக்காரர் வீட்டில்தான் இருந்தன. பெரிய வெள்ளம் கட்டிலோடு கொண்டுபோய்விட்டது.

ஒரு மாதமாக அவள் பல்கலைக்கழக நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். முகம் வாடி வருவாள். என் மகன் விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டி வருகிறவன். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவள் கார் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. நான் ஓட்டிக்கொண்டு போனேன்.

“மாமா, நீங்க காருலயே இருங்க. உள்ள வந்தா போர் அடிக்கும்.”

“வெயில்ல என்னைய வறுத்து எடுக்கப் போறியா? கட்டடத்த எவன் கட்டினான்னு நானும் பாக்கணும்லா.”

வருகையாளர் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். உள்ளே நல்ல குளிர். தூண்கள் சுத்தமான வேலை. ஒரு சுவரில் மட்டும் மெல்லிய வெடிப்பு இருந்தது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன்.

“மாமா, தட்டாதீங்க!”

“உள்ள பொக்கையா இருக்கும்மா.”

“இருக்கட்டும். உங்களுக்கு யாரும் குத்தகை கொடுக்கல.”

அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஒத்தப்பாலத் தோட்டம் என்று தட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள், மலாயில் மாற்றித் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. பிறகு, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் அந்த நிலத்துக்குக் கடைசியாக இருந்த அரசாங்கப் பெயரைத் தட்டினாள். ஆறு வரிகள் வந்தன. ஆறும் செம்பனைக்கு உரம் போடுவதைப் பற்றியவையாம்.

“ரப்பர் காலத்துக் காயிதம் ஒன்னுகூட இல்ல மாமா. எப்படித் தேடினாலும் இதே ஆறுதான் வருது.”

“என்னத்தத் தேடுற?”

“உங்க தோட்டத்தத்தான்.”

“அது தோட்டமே இல்லையேம்மா.”

அவள் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் சிலோன்காரர் வீட்டுப் பெண். தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லாரும் அரசாங்க உத்தியோகம், டவுன் குவார்ட்டர்ஸ். தோட்டம் என்றால் போர்டில் எழுதி வைத்திருக்கும் தோட்டம்தான் அவளுக்கு. எங்களுக்கு அப்படியில்லை. எங்கே எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருக்கின்றனவோ அதுதான் எங்கள் தோட்டம். ஒற்றைப் பலகைப் பாலத்தைத் தாண்டி வந்தால் ஒத்தப்பாலத் தோட்டம். அந்தப் பெயரை வைத்தது நாங்கள். ஆபீசுக்கு அது தெரியவே தெரியாது. ஆபீஸ் கணக்கில் நாங்கள் மூன்றாம் டிவிஷன். தாய்த் தோட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதை நாங்கள் பெரிய துரை தோட்டம் என்போம். அதன் இங்கிலீஷ் பெயர் போர்டில் இருந்தது, எனக்கு எறும்புதான்.

“இத்தனை நாளா இத ஏன் மாமா சொல்லல?”

“நாலு பேரையும் எந்தத் தோட்டம்னு கேட்ட, சொன்னோம். ஆபீஸ்ல என்ன பேருன்னு ஒருத்தரையும் கேக்கல. உங்க வீட்டுல எல்லாரும் புத்தகத்துக்குள்ளயே பொறந்தவங்க, உங்களுக்குத் தெரியாததா?”

அவள் என்னை முறைத்தாள். ஆனால் எழுந்துவிட்டாள். “அந்தப் பெரிய தோட்டம் எங்க இருந்துச்சுன்னு காட்டினா கண்டுபுடிப்பீங்களா?”

“மேப்பு இருக்கா?”

மேல் மாடியில் பழைய ஆவணங்களை வைத்திருக்கும் அறை. அங்கே பொறுப்பாக இருந்தது ஒரு மலாய்க்காரப் பெண். பையை வெளியே பூட்டி வைக்கச் சொன்னார். என் சட்டைப் பையில் பேனாவைப் பார்த்துவிட்டு, “பாக்சிக், பென் தா போலே. பென்சில் சாஜா,” என்றார். பாக்சிக் என்றால் பெரியவர்; பேனா கூடாதாம், பென்சில் மட்டும்தானாம். நான் காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்துக் காட்டினேன். அந்தச் சிவப்புப் பட்டைப் பென்சிலைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு எங்களுக்குள் சிநேகம் ஆகிவிட்டது.

பெரிய மேசையில் பழைய நிலப்படத்தை விரித்தார். எழுத்துத்தான் எனக்கு வராது, நிலம் வரும். நாற்பது வருஷம் நிலத்தை வாசித்துச் சோறு தின்றவன். ஆற்றைப் பிடித்தேன், விரலாலேயே இறங்கினேன். முதலில் நான் காட்டிய வளைவு சரியில்லை. படம் பழசு, அது என் குற்றமில்லை. இன்னும் கீழே போனால் மாட்டு லாடம் மாதிரி ஆறு வளையும். அங்கே ஒரு சின்னக் கோடு ஆற்றைக் கடக்கிறது.

“இதான் ஒத்தப்பாலம். இங்க எங்க லயம். இந்தப் பக்கம் கோயிலு. இப்ப ஆத்தத் தாண்டி என்ன எழுதியிருக்குன்னு படி.”

அவள் குனிந்து வாசித்தாள். நீளமான வெள்ளைக்காரப் பெயர். சத்தமாகச் சொல்லிக்கொண்டே கணினிக்கு ஓடினாள். தட்டினாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெயரில் பெட்டிகள் இருந்தன. தோட்டம் கைமாறியபோது யாரோ புண்ணியவான் ஆபீஸ் காகிதங்களைக் குப்பையில் போடாமல் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். துரை மாதாமாதம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிய அறிக்கைகளின் நகல், டைப் அடித்தது, நாலு பெட்டி. ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் தருவார்களாம்.

அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மழை, மரம், காய்ச்சல், பாம்பு, மறுபடி மழை. துரைக்குச் சுவையாக எழுத வரவில்லை. முதல் பெட்டி முடிந்தது. சாப்பிட்டு வந்தோம். இரண்டாவது பெட்டியில், நான் லேசாகக் கண்ணயர்ந்தபோது, என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

“மாமா! ‘மூணாவது டிவிஷன் ஆளுங்க தீபாவளிக்கு நாடகம் போட அனுமதி கேட்டாங்க, கொடுத்தாச்சு’ன்னு எழுதியிருக்கு.”

“அடுத்த மாசத்தையும் படி.”

அடுத்த தாளை எடுத்தாள். “‘ரப்பர் பால் ஸ்டோர்ல இருந்த பலகைங்க காணாமப் போச்சு. நாடக மேடை கட்ட எடுத்திருக்காங்க. எடுத்த ஆளு யாருன்னு தெரியல. பலகைங்க எல்லாம் திரும்ப வந்துடுச்சு, ஆணியோட.’”

“தெரியலையா? நான்தான்மா!”

என் குரல் கொஞ்சம் பெரிய குரல். அறையில் இருந்த ஐந்தாறு தலையும் திரும்பின. மலாய்க்காரப் பெண் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வந்தார். நான் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இனி பாக்சிக் புன்யா கெர்ஜா?” என்று கேட்டார். இது உங்கள் வேலையா என்று. ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவரே சத்தமாகச் சிரித்துவிட்டார்.

மருமகளுக்கு மட்டும் கோபம். “பலகைய எடுத்தத பேட்டியில ஏன் மாமா சொல்லல?”

“யாரு ராஜா, யாரு ராணின்னு கேட்ட. புல்லு வெட்டுறவங்கள மேய்க்கிற மண்டோர் ராஜா, மீசைக்கு மேல பவுடர் அப்பினவரு ராணின்னு சொன்னேன். ராஜா எது மேல நின்னாருன்னு கேட்டியா?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே பெட்டி எண், கோப்பு எண், தாள் எண் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதினாள். படிவம் நிரப்பிப் படம் எடுத்துக்கொண்டாள். இவ்வளவும் எழுத வேண்டுமா என்று கேட்டேன். அடுத்த ஆள் வந்து தேடினால் இதே தாள் கிடைக்க வேண்டும் என்றாள். அது எனக்குப் பிடித்தது. மண்ணுக்குள் குழாய் எங்கே போகிறது என்று குறித்து வைக்காதவன் நல்ல குத்தகைக்காரன் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் இரண்டு தாளையும் காட்டினாள். விரிவுரையாளர் நாற்காலியை விட்டு எழுந்து வாசித்தாராம். தலைப்பு தப்பித்தது, தவணையும் தப்பித்தது. நாலு மாதத்தில் பட்டம். என் மகன் வீட்டில் விருந்து வைத்தான்.

ஆய்வேடு நீல அட்டை போட்டு இப்போது அதே நூலகத்து அலமாரியில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். மலாய்க்காரப் பெண்தான் எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் நன்றி. விரிவுரையாளருக்கு நன்றி, நூலகத்தாருக்கு நன்றி. பொறுமை காத்த கணவருக்கு நன்றி! அவன் என்ன பொறுமை காத்தான்? விருந்தன்றுதான் அவனுக்குத் தலைப்பே தெரியும். என்னைத் தேடினேன். உள்ளே, அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில் இருக்கிறேன்: “தகவலாளர் நான்கு.” பேட்டி கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்பது பல்கலைக்கழக விதியாம், மருமகள் சொல்கிறாள். ஒன்று முதல் மூன்று வரைக்கும் அந்த விதி சரி. அவர்கள் நாடகம் பார்க்க வந்து வடை தின்றவர்கள்.

நான் விதிக்கு எதிரி இல்லை. என் பெயரை வெளியிடலாம் என்று விதிப்படி எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அந்தப் பக்கத்தைத் திரும்ப அச்சடித்து ஒட்ட வேண்டும். அடையாள அட்டையில் உள்ளபடி, அப்பா பெயரோடு, என் முழுப் பெயர் வர வேண்டும். மேடையைக் கட்டியவர் என்று ஒரு வரி. அந்தப் பெட்டிக்கு வழி காட்டியவர் என்று இன்னொரு வரி. இரண்டையும் ஒரே வரியில் அடக்கிவிடலாம் என்று மருமகள் பேரம் பேசுகிறாள். அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.