ஓடைக்கரையில் ஒரு கௌபாய் படம்

கௌபாய் படங்களைப் பற்றி இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அந்தப் படங்களில் துப்பாக்கியைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்று சொன்னால் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. குதிரை, தொப்பி, தூசி எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்தால் அடியில் ஒரு ஓடையோ கிணறோ இருக்கும், அது யாருக்கு என்பதுதான் கதை என்பேன். நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பத்து வயதில், போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, ஓர் ஓடைக்கரையில் நின்று தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் தம்பி போடியில் சிடி வாடகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு ஆள் வருவது குறைவு. ஆகவே தமிழில் பேசும் கௌபாய் படங்களைப் பெரும்பாலும் மாமாவும் நானுமே பார்த்துத் தீர்த்தோம். படம் முடிந்ததும் ஆராய்ச்சி தொடங்கும். கெட்டவன் எப்போதும் ஏன் முதலில் துப்பாக்கியை எடுக்கிறான் என்று கேட்பேன். அவன் எடுத்தால்தான் நம்மாள் சுட்டது குற்றமாகாது என்பார் மாமா. கடைசிச் சண்டையின்போது பொம்பளைகள் ஏன் கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறார்கள் என்று கேட்டால் மட்டும், கடையில் சோலி கிடக்கிறது என்று எழுந்துவிடுவார்.

அந்தக் கோடையில் எங்களுக்கே ஒரு படம் அமைந்தது. அத்தா, அதாவது என் அப்பா, மலையில் மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பக்கத்துத் தோட்டம் சிலமலை என்ற ஊர்க்காரர் ஒருவருடையது. இரண்டு தோட்டத்துக்கும் ஒரே ஓடைதான். மழை பொய்த்து ஓடை நூலாக இளைத்திருந்தபோது, தண்ணீர் கொண்டுவரும் எங்கள் கறுப்பு ஓஸ் குழாய் அறுந்து கிடந்தது. கட்டி ஒட்டினார்கள். மறுபடி அறுந்தது. சிலமலைக்காரர்தான் வெட்டுகிறார் என்று தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். பிறகு அவர் பக்கத்திலிருந்து ஜீப்பு டிரைவர் வழியாகச் செய்தி வந்தது. அவர் குழாயை நாங்கள் அறுக்கிறோமாம். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியோடு இனி ஓடைக்கரையில்தான் இருப்பாராம்.

"ஞாயித்துக்கிழமை நானே போய்ப் பேசிட்டு வந்துர்றேன்" என்றார் அத்தா.

"நானும் வர்றேன்" என்றாள் அம்மா.

"நீ எதுக்கு அங்க?"

"பொம்பள, பிள்ள நிக்கிறப்ப எவனும் துப்பாக்கியத் தூக்க மாட்டான். இவளையும் கூட்டிட்டுத்தான் போறோம்" என்று என்னைக் காட்டினாள்.

எந்தப் படத்திலும் இப்படி நடந்ததில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஜீப்பில் ஏறினார்.

தோட்டத்துக்கு மேலே ஜீப்பு நின்றது. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். ஓடைக்கு அக்கரையில், ஒரு பாறைமேல் அவர் நின்றிருந்தார். பெரிய ஆள். நரைத்த மீசை. துப்பாக்கி தோளில் சாய்ந்திருந்தது. பின்னால் ஓர் ஆள். எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அத்தா தனியாக இறங்கினார். அவர் கையில் இருந்தது அறுந்துபோன ஒரு முழம் ஓஸ். சாட்சிக்கு எடுத்து வந்திருந்தார்.

படங்களில் இந்த இடத்தில் ஒரு விசில் ஒலிக்கும். இங்கே சில்வண்டு மட்டும்தான். அத்தா செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால்கூட நனையவில்லை. ஓஸை நீட்டினார்.

சிலமலைக்காரர் ஒரு கையை மெல்ல இடுப்பு மடிக்குக் கொண்டுபோனார்.

கெட்டவன்தான் முதலில் எடுப்பான். எனக்கு அது மனப்பாடம். மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினேன். அம்மாவின் கை என் தலையில் அழுந்தியது. வெகுநேரம் எதுவும் வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது, மடியிலிருந்து எடுத்த கண்ணாடி சிலமலைக்காரர் மூக்கில் இருந்தது. துப்பாக்கி பின்னால் நின்ற ஆளிடம் போயிருந்தது. ஓஸின் முனையை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அருவா வெட்டு இல்ல பாய்" என்றார். "பல்லு. வரிவரியா இருக்கு பாருங்க."

"பல்லா?"

"முள்ளம்பன்னி. தண்ணிக்குக் கடிச்சிருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "எங்க ஓஸயும் நான் கையில எடுத்தே பாக்கல."

அவருடைய ஆள் ஓடிப்போய் அவர்கள் குழாயின் முனையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதிலும் அதே வரிகள். அத்தா கரையேறி அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டார். யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா ஓடையைத் தாண்டிப்போய், காலையில் சிலமலைக்காரருக்கு, சாயங்காலம் எங்களுக்கு என்று தண்ணீரைப் பிரித்தே விட்டாள். இரண்டு ஆண்களும் தலையாட்டினார்கள். அவருடைய ஷெட்டில் எல்லோரும் பால் விடாத கட்டன்சாயா குடித்தோம். எனக்கு மட்டும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டார். மாமா, தான் பயப்படவே இல்லை என்று டிரைவரிடம் இரண்டுமுறை சொன்னார்.

மலை இறங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அத்தா, "தம்பி, ஓரமா நிறுத்துப்பா" என்றார். இறங்கிப்போய் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். அம்மா ஓடிப்போய் நெற்றியைத் தாங்கினாள். பாட்டில் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு, முந்தானையால் துடைத்தாள். அத்தா நிமிர்ந்து நிற்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். மாமா ஏனோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னத்தா, வளைவு ஒத்துக்கலையா?" என்று ஜீப்பிலிருந்து கத்தினேன்.

"ஆமாம்மா, ஒத்துக்கல" என்றார்.

வாரம் தவறாமல், என் வயதைவிட அதிக வருடங்களாக, அந்த மலைப்பாதையின் பதினேழு வளைவுகளையும் ஏறி இறங்கியவர் அவர். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. ஜீப்பில் போகத் தெரியாத அத்தா என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவர் ஒருமுறைகூட மறுக்கவில்லை.