மூடிய கேமராவில் சிவப்பு

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது. எனக்குத்தான். கோபம் இன்னும் ஆறவில்லை.

தொலைவில் இடிக்கும் மேகங்களைக் கேமராவில் பிடிப்பது என் வேலை. பலமான மின்னல் தரையில் இறங்கினால் மேகத்துக்கு மேலே, விமானமும் எட்டாத உயரத்தில், சிவப்பாக ஓர் ஒளி தோன்றும். வேர்விட்ட மரம்போல. கண் இமைப்பதற்குள் போய்விடும். முதலில் மின்னல், பிறகு சிவப்பு. இந்த வரிசை மாறாது.

எங்கள் அறை மொட்டைமாடியில். கேமரா வெளியே கம்பத்தின் உச்சியில். அதன் மழைமூடியைத் திறக்கும் மோட்டார் பழுது. மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. இரும்பு ஏணியில் ஏறிக் கையால் கழற்ற வேண்டும்.

அன்று இரவு 11:40. என் மேலதிகாரி சார் போன் செய்தார்.

“தூரத்துல நல்ல மேகம். மூடியக் கழட்டு.”

“இங்கயும் இடிக்க ஆரம்பிச்சிடுச்சு சார்.”

“படம் இல்லன்னா நாளைக்கு நீ வர வேண்டாம். உனக்கு முன்னாடி இருந்தவளும் இப்படித்தான் பயந்து ஓடிப்போனா.”

போனை வைத்துவிட்டார். எனக்கு எதிர்த்துப் பேச வராது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

அறையிலிருந்த கேமராத் திரையில் சிவப்பு.

பிறகுதான் ஒலிபெருக்கியில் ‘டப்’. எங்காவது மின்னல் இறங்கினால் ஆன்டெனா அதைப் பிடித்துத் தரும் சத்தம் அது. வேறெதுவும் அதில் கேட்காது.

வரிசை தலைகீழ்.

மீண்டும் சிவப்பு... ‘டப்’.

கோளாறு என்று நினைத்தேன். வெளியே போனேன். ஏணியில் கால் வைத்தேன்.

பின்னால், அறைக்குள், ஒலிபெருக்கி கரகரத்தது.

“ஏறாதடி...”

பெண் குரல்.

உள்ளே ஓடினேன்.

வெள்ளை வெளிச்சம்.

டமார்!

ஏணி புகைந்தது...

காலையில் சார் படங்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “அருமை! ரெண்டும் என் பேர்ல போகட்டும். எப்படியோ மூடியக் கழட்டிட்டியே!”

“கழட்டவே இல்ல சார். வெளிய வந்து பாருங்க.”

மூடி போட்டபடியே இருந்தது. அவர் முகம் வெளுத்தது.

“அவ... ஏதாவது சொன்னாளா?”

குரலைப் பற்றி நான் அவரிடம் மூச்சுகூட விடவில்லை.

நேராகக் கீழே இறங்கினேன். அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியிராத காவலாளி அண்ணனிடம், எனக்கு முன்னால் இருந்தவள் ஏன் ஓடிப்போனாள் என்று கேட்டேன்.

“ஓடிப்போச்சா? எவன் சொன்னான்? அந்தப் பொண்ணு இதே ஏணியிலதாம்மா இடி விழுந்து செத்துச்சு. இவரு போன் பண்ணித்தான் ஏறுச்சு.”

மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தார்.

“மோட்டார மாத்துங்கன்னு அதுவும்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”