சித்தி வீட்டில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் குறை கேட்காமல் தப்பிக்க முடியாது. அம்மாவின் வேலை அப்படி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவள் ஃபைனல் செக்கிங்கில் இருந்தாள். பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு ஷூவையும் கையில் எடுத்து, உள்ளே விரல் விட்டுத் தடவி, வளைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கே நூல் பிசிறியிருக்கிறதோ, எங்கே பசை கசிந்திருக்கிறதோ, அங்கே நகத்தளவில் சிவப்பாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். கம்பெனியில் அதற்கு ஏரோ என்று பெயர். ஏரோ ஒட்டிய ஷூ திரும்பிப் போய்ச் சரியாகி வரும். ஒட்டாதது கப்பலேறிவிடும்.

தீர்ந்துபோகிற ரோல்களின் வால்களை அம்மா எங்களுக்குக் கொண்டுவந்து தருவாள். தெருவில் மற்ற பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடினால் நானும் தம்பியும் செக்கிங் விளையாடுவோம். சட்டம் ஒன்றே ஒன்றுதான். குறை இல்லாத இடத்தில் ஒட்டினால் அவுட். ஒருநாள் அப்பா தூங்கும்போது தம்பி அவருடைய வழுக்கையில் ஒட்டிவிட்டான். மனுஷன் எழுந்து அப்படியே டீக்கடைக்குப் போய், நாலு பேரிடம் அரசியல் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். தம்பி ஒட்டியது செல்லும் என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயசு, தம்பிக்கு நாலு. மே மாதத்தில் ஆர்டர் கம்மி என்று அம்மாவின் கம்பெனியில் நாலு நாள் லீவு விட்டார்கள். தோல் பதனிடும் கம்பெனியில் இருந்த அப்பாவும் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டார். மெட்ராஸ் போகிறோம், சித்தி வீட்டில் தங்குகிறோம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடல் பார்க்க வேண்டும், மாலில் நகரும் படிக்கட்டில் ஏற வேண்டும், இரண்டையும் பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்ள வேண்டும். என் லீவு அவ்வளவுதான்.

அம்மாவின் லீவு வேறு. சித்தி அவளுடைய ஒரே தங்கை. கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் கடைசி இரண்டு வருஷம் பொங்கலுக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. அம்மா போன் போட்டால் பக்கத்தில் சித்தப்பாவின் குரல் கேட்கும். "அடுத்த மாசம் வர்றேன்டி" என்று அம்மாவும் மாசாமாசம் சொல்வாள். மாசாமாசம் ஏதாவது ஏற்றுமதி அவசரம் வரும், ஞாயிற்றுக்கிழமைகூட ஓவர்டைம் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நல்லா இருக்கேன்க்கா, நல்லா இருக்கேன்க்கான்றா. அத ஏன் அவ்ளோ அவசரமா சொல்றா? நேர்ல பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

நன்றாக இருப்பவர்கள் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதில் என்ன பிசகு என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தங்கைமேலும் செக்கிங் புத்தி.

பெரம்பூரில் இறங்கியபோது சித்தப்பாவே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். தம்பியைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார், எனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்தார், அப்பா கையிலிருந்த பிரியாணிப் பார்சலைப் பிடுங்கி மோந்து பார்த்து, "சகல, இதுக்காகவே நீங்க மாசம் ஒருவாட்டி வரணும்" என்றார். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, சத்தமாகக்கூடப் பேச மாட்டார். சொந்தத்தில் எல்லோரும் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். நான் கல்யாணம் கட்டினால் இப்படி ஒருவரைத்தான் கட்டுவேன் என்று தம்பியிடம் அன்றைக்கே சொல்லிவைத்தேன். என் புத்தியை இப்போது நினைத்தால் செருப்பாலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சித்தி வீடு இரண்டாவது மாடி. அந்த வெயிலில், காற்றே இல்லாத அந்த வீட்டில், அவள் முழுக்கை நைட்டி போட்டிருந்தாள். அம்மா அவள் கன்னத்தைப் பிடித்து, "எப்படிடி இருக்க?" என்று கேட்டாள். சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அப்புறம்தான், "நல்லா இருக்கேன்க்கா" என்றாள். தண்ணீர் வேணுமா என்றாலும் அவரைப் பார்த்தாள். எங்கள் பிரியாணி எப்படி என்று கேட்டால்கூட அவரைப் பார்த்தாள். புருஷன்மேல் எவ்வளவு ஆசை என்று நான் நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே சித்தப்பா எங்களை மாலுக்கு அழைத்துப் போனார். சித்திக்குத் தலைவலி, அவள் வரவில்லை. "நானும் இவகூட இருக்கேன்" என்றாள் அம்மா. "அதெப்படி அண்ணி, நீங்க வராட்டி பசங்க வாடிடாதா?" என்று அவர் அம்மாவின் செருப்பை எடுத்து அவள் காலடியிலேயே வைத்துவிட்டார். எப்பேர்ப்பட்ட மரியாதை என்று எனக்குத் தோன்றியது. கம்பெனியில் அத்தனை மிஷின்களுக்கு நடுவே சிங்கம்போல் நடக்கிற அம்மா, நகரும் படிக்கட்டைக் கண்டதும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்கினேன். மேலே ஒரு ஷூ கடையில் அம்மா பழக்கதோஷத்தில் ஒரு ஜோடியை எடுத்து வளைத்துப் பார்த்து, "இது ரிஜெக்ட்டாச்சேப்பா, எப்படி வெளிய வந்துச்சு?" என்று கடைப் பையனைக் கேட்டு அவனை முழிக்கவைத்தாள். எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள், ஆனால் எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் கடற்கரை என்று பேச்சு. அன்று காலை சித்தப்பாவும் அப்பாவும் கறி வாங்கப் போனார்கள். அம்மா குளிக்கப் போனாள். எங்களுக்குப் பொழுது போகவில்லை. என் பையில் ஏரோ ரோல் இருந்தது. சமையலறையில் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த சித்தியிடம் போய், "சித்தி, உங்க வூட்ட செக்கிங் பண்ணட்டா?" என்று கேட்டேன்.

"பண்ணுங்க, பண்ணுங்க. போறதுக்குள்ள பிச்சிடணும், ஆமா" என்று சித்தி சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் பல் தெரியச் சிரித்தது அப்போதுதான்.

அடேயப்பா, எங்கள் வீட்டில் நாளெல்லாம் தேடினால் ஒரு குறை கிடைக்கும். அந்த வீட்டில் கொட்டிக் கிடந்தது. பீரோக் கண்ணாடியில் மூலையிலிருந்து விரிசல், ஒன்று. சித்தியின் போனில் உடைந்த முகப்பு, ஒன்று. நசுங்கிய சொம்பு, நசுங்கிய தூக்கு, கைப்பிடி போன தோசைத் திருப்பி. படுக்கையறையில் காலண்டரை ஆள் இடுப்பு உயரத்தில் மாட்டியிருந்தார்கள். எந்த மடையன் இப்படி மாட்டுவான் என்று தூக்கிப் பார்த்தால் பின்னால் சுவரில் காரை பெயர்ந்து ஒரு பள்ளம். அதற்கு இரண்டு ஏரோ. குளியலறைக் கதவில் கால் உயரத்தில் பலகை பிளந்திருந்தது. அதற்கு மூன்று. தம்பி ஓடி ஓடிக் காட்ட, நான் கிழித்துக் கிழித்துக் கொடுக்க, எங்களுக்குக் கை ஓயவில்லை.

கடைசியாக அவன் ஒரு ஏரோவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். சித்தி கீழே உட்கார்ந்து, கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். அவன் அவள் கையில் ஒட்டினான்.

"சித்தி, இங்க டேமேஜ்" என்றான்.

அதே நேரம் அம்மா தலையில் துண்டோடு குளியலறையை விட்டு வெளியே வந்தாள். நான் பெருமை தாங்காமல் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, பாரு பாரு, எத்தினி கண்டுபுடிச்சேன் பாரு!" அம்மா முதலில் குளியலறைக் கதவைப் பார்த்தாள். குனிந்து அந்தப் பிளவைத் தடவினாள். பீரோவிடம் போனாள். காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். கம்பெனியில் செய்கிற மாதிரியே ஒன்று விடாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். சித்தி அவசரமாக நைட்டிக் கையை இறக்கிவிட்டாள். அம்மா அதை மேலே ஏற்றினாள்.

"தோசைக்கல்லு பட்டுடுச்சுக்கா."

"கல்லு பட்டா அஞ்சு விரலாவா படும்?"

சித்தி மாவுக் கையாலேயே அம்மாவின் காலைப் பிடித்தாள். ரொம்பச் சின்னக் குரலில், "அக்கா, உன் காலப் புடிச்சுக்கறேன், ஒண்ணும் கேட்டுடாத. நீ போய்டுவ. அப்புறம் நான்தானே இங்க இருக்கணும்" என்றாள்.

"நீ எதுக்கு இங்க இருக்கணும்?" என்றாள் அம்மா. "எழுந்து பொடவ கட்டு. பையில ரெண்டு துணி வை." என்னிடம் திரும்பி, "எல்லா ஏரோவையும் பிச்சிடு. அவரு படியேறதுக்குள்ள ஒண்ணுகூட இருக்கக் கூடாது" என்றாள்.

சித்தப்பா வீட்டுக்குக் குறை சொன்னதால் அவர் கோபித்துக்கொள்வார் என்று அம்மா பயப்படுகிறாள், அதனால்தான் இவ்வளவு பதறுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதாவது, புரிந்ததாக நினைத்தேன். நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிய்த்தேன். கதவில் இருந்த மூன்றாவதைப் பிய்க்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

சித்தப்பா கறிப் பையோடு உள்ளே வந்தார். சித்தி புடவையில் நின்றிருந்தாள். அம்மா முகம் முழுக்கச் சிரிப்போடு ஆரம்பித்தாள். அம்மா அப்படிப் புளுகி நான் அதுவரை கேட்டதில்லை.

"ஊர்லேந்து போன் வந்துச்சுங்க. எங்க குலதெய்வம் மாரியம்மன் கோயில்ல பையனுக்கு மொட்ட எடுக்க நாளைக்கே நாள் குடுத்துட்டாங்களாம். தாய்மாமன் இல்லாத புள்ள, சித்தி மடியிலதான் உக்காரணும். இவள கூட்டினு போறேன். சாமி காரியம், மறுக்கக் கூடாது."

அப்பா வாயைப் பிளந்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா சகல, சாமி காரியம்" என்று அவர் பிளந்த வாயை மூடிக்கொண்டார்.

"அப்படியா அண்ணி? நேத்து ஒரு வார்த்த சொல்லலியே" என்று சித்தப்பா சிரித்தார். அதே சிரிப்போடு குனிந்து என் தலையைத் தடவினார். "இன்னா பாப்பா, தம்பிக்கு மொட்டன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடல் போச்சு. மொட்டையாவது மண்ணாங்கட்டியாவது! பொய் சொன்னதற்காக அந்த வருஷம் மட்டும் இரண்டு தடவை அம்மாவிடம் அடி வாங்கியிருந்தேன். இப்போது அவளே சொல்கிறாள். நாலு பேர் முன்னால் போட்டு உடைக்க வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் சித்தி என்னைப் பார்ப்பதைப் பார்த்தேன். இரண்டு நாளில், அவர் எதிரில் கேட்ட ஒரு கேள்விக்கு அவள் சித்தப்பாவைப் பார்க்காமல் வேறு ஆளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தெரியும் சித்தப்பா. தம்பி அழுவான்னுதான் யாருக்கும் சொல்லல."

உடனே தம்பி மொட்டை வேண்டாம் என்று வீறிட்டு அழ ஆரம்பித்தான். அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டுமா? சித்தப்பாவுக்கு மறுநாள் வேலை இருந்தது. ரெண்டு நாளில் தானே வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லி எங்களை ரயிலேற்றிவிட்டார். எல்லாம் புரிந்து சித்தியைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நான் அன்றைக்குப் போட்ட கணக்கு வேறு. இந்தப் பொய்க்கு ஒத்து ஊதினால் அடுத்த லீவுக்கு அம்மாவைக் கடற்கரைக்கு மடக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

சொன்னபடியே அவர் வந்தார். மூன்று தடவை வந்தார். அப்பா வாசலை மறித்து நின்றார். தெருவே வெளியே வந்து பார்த்தது. தங்கமான மனுஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று சொந்தத்தில் பேசாத வாய் இல்லை. சித்தி திரும்பிப் போகவே இல்லை. இன்றைக்கு அவள் ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர், என்னையே அதட்டுகிறாள். அதெல்லாம் பிற்பாடு நடந்தது.

ஊருக்கு வந்த மறுநாள் விடிந்ததும் அம்மா தம்பியைக் குளிப்பாட்டினாள். "நெஜமாவே மொட்டையா?" என்று அப்பா கேட்டார்.

"சாமி பேரச் சொல்லிட்டேனே. மனுசன்கிட்ட சொன்னது பொய்யாப் போலாம், அவ பேரச் சொன்னது போலாமா?"

கோயில் வேப்பமரத்தடியில் சித்தியின் மடியில் தம்பி உட்கார்ந்து ஊரைக் கூட்டினான். ஒரு பொய்க்காக ஒரு பாவமும் அறியாத பிள்ளையின் முடி போயிற்று. சந்தனம் பூசி அவனை இறக்கிவிட்டதும், சித்தி எழுந்திருக்கவில்லை. கொண்டையை அவிழ்த்தாள். இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி. சொந்தத்தில் யாருக்கும் அப்படி முடி கிடையாது.

"எனக்கும் எடுத்துடுங்கண்ணா" என்றாள்.

முடி எடுப்பவர் அம்மாவைப் பார்த்தார். "உனக்கு எதுக்குடி?" என்று அம்மா அவள் தோளைப் பிடித்தாள்.

"நேந்துக்கினு இருக்கேன்க்கா. ரெண்டு வருசமா."

சித்தி குனிந்துகொண்டாள். முடி கொத்துக் கொத்தாகக் கீழே விழுந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னா வேண்டுதல் சித்தி?" என்று கேட்டேன்.

"உங்கம்மா ஒரு தபா எங்க வூட்டுக்கு வரணும்னு" என்றாள் சித்தி.

அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்குச் சித்திமேல் கோபம் கோபமாக வந்தது. ஆம்பூரிலிருந்து பெரம்பூர் மூன்று மணி நேரம். ஏறி உட்கார்ந்தால் ரயிலே கொண்டுபோய் இறக்கிவிடும். அதற்குப் போய் இவ்வளவு முடியையா கொடுப்பார்கள்?

"இதுக்கா சித்தி? ஒரு போன் பண்ணி வாக்கான்னு சொல்லியிருந்தா வந்திருப்போமே" என்றேன்.